பிறை தெரிந்ததா, மாதம் பிறந்ததா? பொழுதுபோக்குக் குழுவில் மதப் பேச்சை மட்டுறுத்துவது

இணையத்தில் ஏதாவது ஒரு பொழுதுபோக்குக் குழுவில் சில மாதங்கள் இருந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். பறவைக் குழுவோ, நாணயக் குழுவோ, கேமராக் குழுவோ, எதுவானாலும் சரி. யாரோ ஒருவர் கடவுளைப் பற்றி ஒரு வரி எழுதுகிறார். அதற்கு இன்னொருவர் ஒரு வரி. அரை மணி நேரத்தில் நாற்பது பதில். அட்மின் எழுந்து வந்து சிலவற்றை நீக்குகிறார். உடனே "எங்க வாயை அடைக்கிறாங்க" என்று ஒரு புகார், "இவ்வளவு நேரம் என்ன வேடிக்கை பார்த்தீங்க?" என்று இன்னொரு புகார்.

இரண்டு புகாருக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு. யார் பேசுவது சரி, யார் பேசுவது தப்பு என்று தீர்ப்பு சொல்வதுதான் அட்மினின் வேலை என்ற நினைப்பு. அட்மின்களே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நான் ஒரு வானியல் ஆர்வலர் குழுவில் சில ஆண்டுகள் இந்த வேலையைப் பார்த்தவன். அதனால் உதாரணங்கள் கொஞ்சம் வானத்துப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டு என்றால் அளவு

மட்டுறுத்தல் என்ற சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது. மட்டு என்றால் அளவு, எல்லை. பேச்சை அதன் எல்லைக்குள் நிறுத்துவது மட்டுறுத்தல். அதைச் செய்பவர் மட்டுறுத்துநர். பேச்சுவழக்கில் அட்மின் அல்லது மாடரேட்டர்.

இவரை விளையாட்டு நடுவரோடு ஒப்பிடுவது வழக்கம். அந்த ஒப்பீடுதான் ஆளைக் குழப்புகிறது. ஆட்டத்தின் முடிவில் ஒருவர் ஜெயித்திருப்பார். அதை அறிவிப்பது நடுவர். மட்டுறுத்துநர் அறிவிக்க எந்த வெற்றியும் இல்லை. நூலகத்தின் படிப்பறையில் உட்கார்ந்திருக்கும் பணியாளரை நினைத்துக்கொண்டால் சரியாக வரும். நீங்கள் என்ன புத்தகம் படிக்கிறீர்கள் என்று அவர் பார்ப்பதில்லை. அதில் எழுதியிருப்பது உண்மையா என்ற கவலையும் அவருக்கு இல்லை. நீங்கள் சத்தமாகப் படித்தால் வந்து நிற்பார். பக்கத்து மேசைக்காரரின் புத்தகத்தைப் பிடுங்கினால் எழுந்து வெளியே போகச் சொல்வார். பிடுங்கப்பட்டது வேதமா நாவலா என்பது அவர் கணக்கில் வராது.

அந்த அறைக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. அது கெடாமல் பார்த்துக்கொள்வதோடு அவர் வேலை முடிந்தது. வானியல் குழு வானத்தைப் பார்க்கக் கூடியது. நாணயக் குழு நாணயம் சேர்க்கக் கூடியது. அங்கே மதம் பேசப்படும்போது "இது உண்மையா?" என்று அட்மின் கேட்க வேண்டியதில்லை. "இது பேசப்பட்ட பிறகும் இங்கே எல்லாரும் வானம் பார்க்க முடியுமா?" என்று கேட்டால் போதும்.

இன்று நேற்று வந்த தலைவலி அல்ல

மணிமேகலையின் முதல் காதையிலேயே இப்படி ஒரு விதி வருகிறது. 28 நாள் நடக்கப்போகும் இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கிறவன், தம் சமயப் பொருளை வாதிட வந்தவர்கள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறட்டும் என்கிறான். கூடவே, பகைவர்களோடு இருக்க நேர்ந்தாலும் செற்றமும் கலாமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்கிறான். செற்றம் என்றால் பகைமைச் சினம், கலாம் என்றால் சண்டை. கவனியுங்கள், வாதம் செய்யாதே என்று அவன் சொல்லவில்லை. வாதத்துக்கு ஓர் இடம் ஒதுக்கினான். அந்த இடத்துக்கு வெளியே சண்டை வேண்டாம் என்றான்.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்துக்காக 1723இல் லண்டனில் அச்சான விதித்தொகுப்பு, மதம், நாடு, அரசியல் பற்றிய சச்சரவுகளைச் சங்கக் கூடத்தின் வாசலுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது என்றது. அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக அலைவரிசையில் முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிறவர்கள், இன்றும் மதத்தையும் அரசியலையும் தவிர்ப்பதை மரியாதையாக வைத்திருக்கிறார்கள். அலைவரிசையில் யார் யார் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது பேசுகிறவருக்குத் தெரியாது. இணையக் குழுவில் எழுதுகிறவருக்கும் அதே நிலைமைதான்.

இணையம் வீடுகளுக்குள் வருவதற்கு முன்பே இயங்கிய யூஸ்நெட் என்ற உரையாடல் வலையமைப்பு, 1986-87 வாக்கில் தன் குழுக்கள் அனைத்துக்கும் புதுப் பெயரிட்டது. ஏழு பெரும் பிரிவுகள். பொழுதுபோக்குகளுக்கு 'ரெக்' என்று ஒன்று. மதம், அரசியல் போன்ற ஓயாத வாதங்களுக்கு 'டாக்' என்று தனியே ஒன்று. வலையமைப்பைத் தாங்கிய கணினிகளின் நிர்வாகிகளில் பலர் அந்தச் சண்டைக் குழுக்களைச் சுமந்து செலவழிக்க விரும்பவில்லை. தனிப் பிரிவாக இருந்தால் வேண்டாதவர்கள் அதை மொத்தமாக விலக்கிவிடலாம். முரசறைந்தவன் சொன்ன பட்டிமண்டபம்தான், கம்பி வழியே போயிருக்கிறது.

ஆக, பழைய வழிகள் இரண்டு: வாசலிலேயே தடுப்பது, அல்லது தனி மேடை கொடுப்பது. இரண்டும் ஏன் ஒரு பொழுதுபோக்குக் குழுவுக்கு முழுதாகப் போதவில்லை என்பதைப் பார்ப்பதற்கு முன், தீ எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தீ எப்படிப் பிடிக்கிறது

இரண்டு பேர் லென்ஸைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் இந்த லென்ஸ் ஓரத்தில் மங்கலடிக்கிறது என்கிறார், மற்றவர் இல்லை என்கிறார். இருவரும் படம் எடுத்துப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. முடியாவிட்டாலும், தோற்றவருக்குப் போவது ஒரு லென்ஸ் மீதான மதிப்பு மட்டும்தான்.

நம்பிக்கையில் அப்படிப் போட்டுக்காட்ட ஒரு படம் கிடையாது. இருவரும் ஏற்கும் அளவுகோல் இல்லாத வாதம் தானாக நிற்காது. யாராவது களைத்தால்தான் நிற்கும். தவிர, நம்பிக்கை லென்ஸைப் போலத் தோளிலிருந்து கழற்றி வைக்கக்கூடிய பொருளும் அல்ல. அது அம்மா சொல்லிக்கொடுத்தது. அப்பா இறந்த நாளில் கைப்பிடித்து நின்றது. "உன் கருத்து தப்பு" என்று எழுதப்பட்டது, படிக்கிறவருக்கு "உன் வீடு தப்பு" என்று கேட்கும். நம்பிக்கையில்லாதவருக்கும் இது பொருந்தும். பல ஆண்டுகள் யோசித்து, சில நேரம் உறவுகளை இழந்து எடுத்த முடிவை ஒருவர் "பாவம், இவருக்கு இன்னும் புரியலை" என்று தட்டிவிட்டால் அவருக்கும் வலிக்கத்தான் செய்யும்.

அடுத்தது பார்வையாளர் கூட்டம். நேருக்கு நேர் இருவர் பேசும்போது, எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்துக் குரலைத் தணிப்பார்கள். குழுவில் அந்த முகம் தெரியாது. ஆனால் மூவாயிரம் பேர் படிக்கிறார்கள் என்பது தெரியும். எனவே பதில் எதிராளிக்கு எழுதப்படுவதில்லை, கூட்டத்துக்கு எழுதப்படுகிறது. தன் பக்கத்தவர் முன்னால் சும்மா இருந்துவிட்டோம் என்று ஆகக் கூடாதே என்பதற்காக மட்டுமே எழுதப்படும் பதில்கள் ஏராளம்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் பேசுவதே இல்லை. பெரும்பாலான குழுக்களில் புதிதாகப் பதில் வந்த இழை மேலே ஏறும். இழை என்பது ஒரு பதிவும் அதன் கீழ் தொடரும் பதில்களும் சேர்ந்தது. நாற்பது பதில் பெற்ற சண்டை நாள் முழுக்க உச்சியில் உட்கார்ந்திருக்கும். யாரோ ராத்திரி முழுக்க விழித்து எடுத்த நெபுலா படம் இரண்டு பாராட்டோடு கீழே போய்விடும். அதைப் போட்டவர் புகார் செய்யமாட்டார். அடுத்த முறை படம் போடமாட்டார், அவ்வளவுதான். சண்டையின் உண்மையான நஷ்டம் சண்டை போட்டவர்களுக்கு அல்ல. சத்தமில்லாமல் போனவர்களால் குழுவுக்கு.

சுருக்கமாக: அளவுகோல் இல்லை, தோற்றால் இழப்பு பெரிது, கூட்டம் பார்க்கிறது, சத்தத்தை மேலே தூக்கும் அமைப்பு வேறு. மக்கள் கெட்டவர்கள் என்பதால் பற்றுவதில்லை. நல்லவர்களையும் இந்த நான்கும் சேர்ந்து இழுத்துவிடும்.

ஓர் இழை, பக்கத்தில் உட்கார்ந்து

இது நான் கட்டிய உதாரணம். ஆனால் இதன் ஒவ்வொரு வரியின் அண்ணன் தம்பியையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் வானியல். அமாவாசைக் கணத்தில் நிலா கிட்டத்தட்டச் சூரியனின் திசையிலேயே இருக்கும். அதிலிருந்து விலக விலகத்தான் பிறை கண்ணுக்கு எட்டும். அந்தக் கணத்திலிருந்து எத்தனை மணி நேரம் கடந்தது என்பதைத்தான் நிலாவின் வயது என்பார்கள். விலக்கம் சுமார் 7 பாகைக்குக் கீழ் இருந்தால் பிறை தெரியாது என்று 1930களில் பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தாஞ்சோன் சொன்னார். கேமரா இந்த எல்லையைத் தாண்டியும் போயிருக்கிறது: 2013 ஜூலை 8 அன்று தியரி லெகோ என்ற பிரெஞ்சு ஒளிப்படக்காரர் அமாவாசைக் கணத்திலேயே, சூரியன் அருகில் இருக்கப் பட்டப்பகலில், அகச்சிவப்பு ஒளியில் ஒரு நூலிழைப் பிறையைப் பதிவு செய்தார். மெல்லிய பிறையைப் பிடிப்பது வானியல் ஆர்வலர்களுக்கு ஒரு வேட்டை. அதே பிறைதான் இஸ்லாமிய மாதத்தின் தொடக்கமும். இந்த இரண்டும் சந்திக்கும் மாலையில் நடப்பது இது:

"சூரியன் மறைந்து 35 நிமிஷத்துல எடுத்தது. 200 மி.மீ. லென்ஸ்."

"அருமை சார். நிலாவோட வயசு எத்தனை மணி நேரம்?"

"22 மணி நேரம்."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப நாளைக்கு நோன்பு."

"நாங்க கணக்குப்படி போறவங்க. எங்களுக்கு இன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. கண்ணால பார்த்தாத்தான்னு யார் சொன்னது?"

"யார் சொன்னதா? போய்ப் படிச்சுட்டு வாங்க."

"மனுஷன் நிலாவுல நடந்து அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இவங்க இன்னும் வாசல்ல நின்னு தேடுறாங்க."

"உங்க ஆளுங்க கிரகணத்தன்னைக்கு என்ன பண்றாங்கன்னு நான் சொல்லவா?"

எட்டு வரி. இதில் எங்கே கை வைப்பது?

நான்காவது வரியில் கை வைக்கவே கூடாது. ஒருவர் தன் மகிழ்ச்சியைச் சொன்னார். யாரையும் அழைக்கவில்லை, யாரையும் குறைக்கவில்லை. "வானியல் குழுவில் மதம் எதற்கு?" என்று இதற்கும் புகார் வரும், அந்தப் புகாரை ஓரமாக வைத்துவிடலாம்.

ஐந்தாவது வரிதான் முக்கியம். அதன் முதல் பாதி வெறும் தகவல். இரண்டாம் பாதியில் பேச்சு தடம் மாறுகிறது. பிறை தெரியுமா என்பது வானியல் கேள்வி. அது தெரிந்தால்தான் மாதம் பிறக்குமா, கணக்கே போதுமா என்பது சமயத்துக்குள் நடக்கும் கேள்வி. தாஞ்சோன் எல்லை முதல் கேள்விக்கு உதவும். இரண்டாவதைத் தொடக்கூட முடியாது. மட்டுறுத்துநர் வாய் திறக்க வேண்டியது இங்கேதான், இன்னும் ஒருவர்கூடக் கோபப்படாத இந்த இடத்தில். அதட்ட வேண்டாம். "பிறை கண்ணுக்குத் தெரியுமான்னு இங்க எவ்வளவு வேணா பேசலாம். மாதம் எப்படிப் பிறக்கும்ங்கிறதை அவங்கவங்க சபையில பேசிக்கலாம். சார், அந்தப் படத்துக்கு எக்ஸ்போஷர் எவ்வளவு வச்சீங்க?" என்று எழுதினால் போதும். அந்தக் கடைசிக் கேள்வி சும்மா ஒட்டவைத்தது அல்ல. பேச்சை நிறுத்துவதைவிட, திரும்பிப் போக ஒரு வழி காட்டுவது எளிது.

ஏழாவது வரியில் நிறைய அட்மின்கள் வழுக்குவார்கள். அது அறிவியல் வேஷத்தில் வருகிறது. வானியல் குழுவில் நமக்கு அறிவியல் பிடிக்கும். எனவே "உண்மையைத்தானே சொன்னார்" என்று விட்டுவிடத் தோன்றும். படித்துப் பாருங்கள்: அதில் நிலாவைப் பற்றி ஒரு புதுத் தகவலும் இல்லை. "இவங்க" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கூட்டம் நிறுத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எட்டாவதை நீக்கிவிட்டு ஏழாவதை விட்டால், அட்மின் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று எட்டாவதை எழுதியவர் சொல்வார். அவர் சொல்வது சரிதான்.

தமிழில் பேசும் குழுக்களுக்கு ஒரு வசதி உண்டு. நம் மொழி முன்கூட்டியே மணி அடிக்கும். "நீங்க" என்று ஒருவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் "நீங்கல்லாம்" என்று மாறினால், ஆள் மறைந்து கூட்டம் வந்துவிட்டது என்று பொருள். அடுத்து "உங்க ஆளுங்க". அதற்கடுத்து "வாங்க" போய் "வா" வரும். வசவுச் சொல்லைத் தேடும் எந்த மென்பொருளும் இந்த மாற்றத்தைப் பிடிக்காது, ஏனென்றால் இதில் ஒன்றுகூட வசவு இல்லை. பழகிய அட்மின் "நீங்கல்லாம்" என்பதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

பேசுபொருளை விடுங்கள், வாக்கியம் என்ன செய்கிறது?

மேலே நாம் செய்தது என்ன என்று பாருங்கள். "இது மதமா?" என்று ஒரு வரியைக்கூட வடிகட்டவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று கேட்டோம். இதுதான் மதப் பேச்சை மட்டுறுத்துவதன் உள்ளிருக்கும் பொறி, மற்றதெல்லாம் மேலோட்டம்.

மதம் சார்ந்த வாக்கியம் பெரும்பாலும் நான்கில் ஒரு வேலை செய்யும். விவரிக்கும்: "இந்த நாணயத்தின் பின்புறம் இருப்பது சிலுவை." பகிரும்: "எனக்கு இந்தப் பாட்டு பிரார்த்தனை மாதிரி." அழைக்கும்: "நீங்களும் இந்த வழிக்கு வாருங்கள்." இழிக்கும்: "இதையெல்லாம் நம்புகிறவர்களுக்கு மூளை எங்கே?" முதல் இரண்டுக்கும் தாராளமாக இடம் கொடுக்கலாம். அழைப்பது அந்தச் சமயத்தார்க்குக் கடமையாகவே இருக்கலாம். அதில் குற்றம் எதுவும் இல்லை, ஆனால் லென்ஸ் பற்றிக் கேட்க வந்தவர் அதைக் கேட்க வரவில்லை. இழிப்பது நீக்கப்பட வேண்டியது, யார் யாரை இழித்தாலும்.

எல்லைக்கோட்டில்தான் சிரமம். பகிர்வதும் அழைப்பதும் பக்கத்துப் பக்கத்து வீடு. "என் நோயின்போது ஜபம்தான் காப்பாற்றியது" என்பது பகிர்வு. இதையே ஒருவர் வாரத்துக்கு மூன்று தரம், யார் உடம்பு சரியில்லை என்று எழுதினாலும் அதன் கீழே போட்டுக்கொண்டே போனால்? வாக்கியம் மாறவில்லை, வேலை மாறிவிட்டது. எனவே ஒரு பதிவை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. அந்த ஆளின் முந்தைய பத்துப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி எதையும் நான் கண்டதில்லை.

இன்னொரு கோடு, நம்பிக்கையை விமர்சிப்பதற்கும் நம்புகிறவரை இழிப்பதற்கும் நடுவில் ஓடுவது. "கிரகணத்தால் உணவு கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை" என்பது வானியல் குழுவில் சொல்லப்பட வேண்டிய வாக்கியம். ஒரு கூற்று தவறு என்கிறது, ஆளைத் தொடவில்லை. புண்படுகிறது என்று யாராவது சொன்னாலும் அதை நீக்கக் கூடாது, ஏனென்றால் அதை நீக்கிவிட்டால் அது வானியல் குழுவாகவே இருக்காது. மனம் புண்பட்டது என்பது ஒரு தகவல். அதுவே தீர்ப்பு ஆகிவிடாது.

நினைவில் வைக்க: பேசுபொருளை வைத்து வடிகட்டினால் அப்பாவி வரிகள் மாட்டும், குத்தும் வரிகள் தப்பும். வாக்கியம் செய்யும் வேலையை வைத்துப் பார்த்தால் அது குறையும்.

"மதமே வேண்டாம்" என்ற ஒற்றை விதி

சரி, வாசலிலேயே தடுத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சின்னக் குழுவில், கூடிய விஷயத்துக்கும் மதத்துக்கும் தொடர்பே இல்லாத இடத்தில், அது வேலையும் செய்யும். சதுரங்கப் புதிர் போடும் குழுவுக்கு அந்த ஒற்றை வரியே போதும்.

ஆனால் பல பொழுதுபோக்குகளில் மதம் வெளியிலிருந்து வருவதில்லை, பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அழகெழுத்துப் பழகுகிறவர் குர்ஆன் வசனத்தைத் தாண்டி அரபு எழுத்துக் கலையை எப்படிக் கற்பார்? குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுதான் ஆதாரம். இசையில் பக்திப் பாடலை எடுத்துவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சொற்களைத் தடைசெய்து சமாளிக்கலாம் என்று சில குழுக்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கும். தமிழில் இது சிரிப்பாகிவிடும்: 'சமயம்' என்பதைத் தடைசெய்தால், "அந்தச் சமயத்தில் மேகம் விலகியது" என்று எழுதியவரும் மாட்டுவார். சொல்லை நீக்கினால் பொருள் போய்விடாது என்பதற்குப் பொழுதுபோக்கு உலகத்திலேயே பழைய சாட்சி இருக்கிறது. 1974இல் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கற்பனை விளையாட்டை, 1980களில் அமெரிக்காவில் சில கிறிஸ்தவக் குழுக்கள் சாத்தான் வழிபாடு என்று எதிர்த்தன. 1989இல் தொடங்கிய இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற பெயர்களை நிறுவனம் விலக்கிவிட்டது. அதே உருவங்கள் வேறு விநோதப் பெயர்களோடு திரும்பி வந்தன. ஆடுகிறவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது பழைய பெயர்களே மீண்டன.

இதையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. ஒற்றை விதி எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஒரு குழுவில் பெரும்பான்மையோர் எந்த மதமோ, அதன் அடையாளங்கள் அங்கே மதமாகவே தெரியாது. அது வெறும் வழக்கம், வெறும் வணக்கம், வெறும் முகப்புப் படம். பண்டிகை வாழ்த்தை யாரும் புகார் செய்யமாட்டார்கள். சிறுபான்மையோரில் ஒருவர் தன் பண்டிகைக்கு வாழ்த்துச் சொன்னால்தான் "இங்கே மதம் வேண்டாமே" என்று விதி நினைவுக்கு வரும். அட்மினும் பெரும்பான்மையைச் சேர்ந்தவராக இருந்தால் அவர் கண்ணுக்கும் தெரியாது. கெட்ட எண்ணத்தால் இல்லை. தான் மூச்சுவிடும் காற்றை யார் கவனிக்கிறார்கள்? நாத்திகர்கள் அதிகம் உள்ள குழுவில் கிண்டல்தான் அந்தக் காற்று. அங்கே "கடவுள் புண்ணியத்தில் வானம் தெளிவாக இருந்தது" என்று எழுதியவருக்குப் பத்துப் பேர் வகுப்பெடுப்பார்கள், அது யாருக்கும் மதப் பேச்சாகத் தோன்றாது.

நான் செய்யும் சோதனை ஒன்று: புகார் வந்த வரியில் மதத்தின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துப் பார்ப்பேன். என்னுடைய மதத்தின் பெயரை அதில் வைத்துப் பார்ப்பேன். இப்போதும் நீக்குவேனா, இப்போதும் விட்டுவைப்பேனா? இரண்டு முறையும் விடை ஒன்றாக வந்தால்தான் கையை எடுத்து விசையில் வைப்பேன். விடை மாறிய நாட்களும் உண்டு, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கையில் உள்ள கருவிகள்

கருவிகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. முன்மட்டுறுத்தல் என்றால் எழுதியது அட்மின் பார்த்த பிறகுதான் வெளியாகும். பின்மட்டுறுத்தல் என்றால் வெளியான பிறகு பார்ப்பது. முன்னது பாதுகாப்பானது, ஆனால் பேச்சின் உயிரைக் கொன்றுவிடும். பெரும்பாலான குழுக்கள் புதியவர்களுக்கு மட்டும் முன்னதையும் மற்றவர்களுக்குப் பின்னதையும் வைத்துக்கொள்கின்றன.

நடுவில் இருக்கும் சின்னக் கருவிகளைத்தான் யாரும் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. ஒருவர் ஒரு பதிலுக்கும் அடுத்த பதிலுக்கும் இடையில் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று வைத்தால், சண்டையின் பாதிக் காற்று இறங்கிவிடும். கோபத்துக்குப் பத்து நிமிடம் நீண்ட நேரம். இழையைப் பூட்டுவது, அதாவது எல்லாரும் படிக்கலாம், யாரும் பதில் எழுத முடியாது என்று ஆக்குவது, இரவு பதினொரு மணிக்கு மிக நல்ல கருவி, காலையில் திறந்துவிடலாம். தடம் மாறிய பதில்களை மட்டும் தனி இழையாகப் பிரித்துவிட்டால், படம் போட்டவரின் இழை அவருக்கே திரும்பிவிடும்.

நீக்குவதும் வெளியேற்றுவதும் கடைசிக்கு. நீக்கினால் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்லாமல் நீக்கிய இடத்தில் வதந்தி முளைக்கும், அந்த வதந்தியில் நிச்சயம் அட்மினின் மதம் இருக்கும். கொலை மிரட்டல், ஆளின் முகவரியை வெளியிடுவது போன்றவை இந்தப் படிநிலைக்கே வராதவை. அவற்றுக்கு எச்சரிக்கையும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. நீக்கு, பதிவுசெய்து வை, தேவைப்பட்டால் சட்டத்திடம் கொடு.

நடுநிலை என்றால் சரிபாதி இல்லை

"அவர்களில் மூன்று பேரை நீக்கினீர்கள், இவர்களில் ஒருவரைத்தானே?" என்று எண்ணிக்கையோடு வருவார்கள். நடுநிலையைத் தராசு என்று எடுத்துக்கொண்டதன் விளைவு இது. ஒரு பக்கம் மூன்று பேர் இழிவாக எழுதி, மறுபக்கம் ஒருவர் எழுதியிருந்தால் மூன்றுக்கு ஒன்றுதான் நீங்கும். சமன் செய்ய இன்னும் இருவரைத் தேடிப் பிடிப்பது நடுநிலை ஆகாது. அதே மாதிரி, ஒரு பதிவுக்கு அறுபது புகார் வந்தால் அது அறுபது மடங்கு குற்றம் என்றும் அர்த்தமில்லை. யாரோ ஒரு தனிக் குழுவில் இணைப்பைப் போட்டு "எல்லாரும் போய்ப் புகார் பண்ணுங்க" என்று சொல்லியிருக்கலாம்.

நடுநிலைக்கு நல்ல வரையறை வேண்டுமானால் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். 2001இல் அது தொடங்கிய காலத்திலிருந்தே உள்ள கொள்கை: சர்ச்சையை விவரி, சர்ச்சையில் இறங்காதே. ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் (பங்குச் சந்தை அல்ல, பல துறைக் கேள்வி-பதில் தளங்களை நடத்தும் வலையமைப்பு) வைத்திருக்கும் கிறிஸ்தவம் பற்றிய தளம், மதம் மட்டுமே பேசுவதற்கென்று உள்ள இடம், இதையே ஒரு வேலைத்திட்டமாக்கியிருக்கிறது. "இந்தக் கோட்பாடு உண்மையா?" என்று கேட்டால் கேள்வி மூடப்படும். "இந்தச் சபையார் இந்தக் கோட்பாட்டுக்கு என்ன ஆதாரம் காட்டுகிறார்கள்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். கேள்வியின் வடிவத்தை மாற்றியதும், இருவரும் ஏற்கும் அளவுகோல் ஒன்று கிடைத்துவிடுகிறது. லென்ஸ் சண்டையில் படம் செய்த வேலையை இங்கே மேற்கோள் செய்கிறது.

அட்மினுக்கும் ஒரு மதம் இருக்கும், அல்லது மதம் வேண்டாம் என்ற முடிவு இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை; மறைக்கவும் முடியாது. எங்கள் குழுவில் நாங்கள் வைத்திருந்த ஏற்பாடு எளிமையானது: என் நம்பிக்கை தொட்ட இழையில் நான் கை வைப்பதில்லை. அப்படியோர் இழை வரும்போது சக அட்மினுக்கு ஒரு செய்தி அனுப்புவேன்: "அண்ணே, இதை நீங்க பாருங்க. எனக்குக் கை அரிக்குது." அவர் பார்த்து முடித்துவிட்டு, பெரும்பாலும் நான் நீக்க நினைத்ததில் பாதியை விட்டுவைத்திருப்பார்.